வாயை மட்டும் அசைத்த பிள்ளைக்காக

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெற்றோரே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளியில் பாட்டு வகுப்பு குரல்வளம் உள்ள பிள்ளைகளுக்கா, எல்லாப் பிள்ளைகளுக்குமா? எல்லாருக்கும்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் சொன்னார்: இருப்பது ஒரே பாட்டு டீச்சர், வாரத்துக்கு ஒரு பீரியட். நன்றாகப் பாடுகிற இருபது பேரைப் பொறுக்கியெடுத்துப் பழக்கினால்தான் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை கேட்கும்படி இருக்கும் என்று. அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் மூன்றாம் வகுப்பில் அந்த இருபதில் சேராதவள் நான். "நீ பாடாதே, வாயை மட்டும் அசை" என்றார்கள். அசைத்தேன். அப்புறம் எத்தனையோ வருஷம் கோயிலில் பாமாலைப் புத்தகத்தை விரித்துக்கொண்டு, பக்கத்தில் அம்மா பாட, நான் வாயை அசைத்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

இன்று நானே ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஆறு வயதில் சுருதி சேராதது குறையே இல்லை. காது கேட்ட சுரத்தைத் தொண்டை பிடிக்கக் கொஞ்ச காலம் ஆகும். முதல் மாதத்தில் 'இ' போட வராத பிள்ளையைத் தமிழ் வகுப்பைவிட்டு வெளியே அனுப்புகிறோமா? கையைப் பிடித்து எழுத வைக்கிறோம். பாட்டுக்கு மட்டும் ஏன் முதல் நாளிலேயே தீர்ப்பு?

பல நேரம் தவறு நம்முடையது. சார் தன் குரலுக்குத் தோதான சுருதியில் பாடுவார். பிள்ளை அந்தத் தாழ்ந்த இடத்தைத் தேடிப் போய் முனகும். நாம் 'குரல் இல்லை' என்று எழுதிவிடுவோம். நான் முதலில் பாட்டே சொல்லிக் கொடுப்பதில்லை. குயில் மாதிரிக் கூவச் சொல்வேன். 'கூ...' என்று கூவும்போது குரல் தானாக மேலே ஏறும். ஏறிய இடத்திலிருந்து இரண்டே சுரம் பாடிக்காட்டிவிட்டுக் காத்திருப்பேன். காத்திருப்பதுதான் கஷ்டம்!

சரி, கிறிஸ்தவப் பள்ளிக்கு வருவோம். பாடகர் குழு பாட, சபை கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், பாட்டை ஜனங்களின் வாய்க்கே கொண்டுவந்தவர், ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர். இங்கிலாந்தின் நாரிச் நகரில் சாரா குளோவர் என்ற அம்மையார் எளிய பிள்ளைகளுக்காகவே டோ, ரே, மி என்று எழுத்தாலேயே பாடும் முறையை வகுத்தார். 1841இல் ஓய்வுநாள் பள்ளி, அதாவது சண்டே ஸ்கூல் ஆசிரியர்களின் மாநாடு ஒன்று, எல்லாரும் எளிதாகப் பாடக் கற்க ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்று ஜான் கர்வென் என்ற இளம் போதகரிடம் கேட்டுக்கொண்டது. அவர் குளோவர் முறையை எடுத்து வளர்த்ததுதான் நம் கோயில் பாடகர் குழுக்களுக்குத் தெரிந்த சோல்ஃபா. பியானோ வேண்டாம், ஐந்து கோடு போட்டு எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு வேண்டாம். நம்முடைய ச ரி க ம போலவே, 'டோ'வை எந்த உயரத்திலும் வைத்துக்கொள்ளலாம். பொறுக்கியெடுத்த இருபது பேருக்காகவா இதைச் செய்தார்கள்?

கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றிய நம் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864) பள்ளி ஆசிரியராக இருந்தவர். கீர்த்தனை பாடும் விதத்தைப் பாருங்கள். ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க, சபை திருப்பிப் பாடும். பல்லவிக்கு எல்லாரும் வந்து சேர்வார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அதில் இடம் உண்டு.

வகுப்பில் பாதிப் பேர் வேறு மதத்துப் பிள்ளைகள் என்றும் எதிரணியில் கேட்டார்கள். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர்தான். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எடுத்துப் பாட வேண்டியதுதான்.

கடைசியாக ஒன்று. போன ஜூனில் என் வகுப்புக்கு ஒரு பையன் வந்தான். ஒரே சுரத்தில் முனகுவான். தினமும் குயில் கூவினோம். நவம்பரில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவ வரிசையில் நின்றவன், யாரும் கேட்காமல், பல்லவியைச் சுருதி விலகாமல் பாடினான். முன்னால் நின்ற பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டு, தானும் சேர்ந்துகொண்டது. ஜூலையில் குரல் தேர்வு வைத்திருந்தால், டிசம்பர் கேரலில் அவனை வாயசைக்க நிறுத்தியிருப்போம், நடுவர் அவர்களே.

வணக்கம்.