சம்பளப் புத்தகத்தில இருந்த எங்கட கொப்பாட்டன்

நேயர்களுக்கு வணக்கம். இந்த நிகழ்ச்சிக்குக் கதைக்க வரச் சொல்லிக் கூப்பிட்டவை முதலில கேட்டதே, யாழ்ப்பாணத்தில தமிழ்ப் பிள்ளையா வளந்த உங்களுக்கும் ஒல்லாந்துக்கும், அதாவது நெதர்லாந்துக்கும், என்ன சொந்தம் எண்டதுதான். என்ர அப்பா தென்மராட்சித் தமிழர், அம்மா யாழ்ப்பாணம் பிரதான வீதிப் பக்கம் இருந்த ஒரு பறங்கிக் குடும்பம். பறங்கியர் எண்டால் போர்த்துக்கேயரின்ர வழி மட்டும் இல்ல, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியில சேந்து வந்து பேந்து திரும்பிப் போகாமல் இங்கயே கலியாணம் கட்டித் தங்கின ஆக்களின்ர பரம்பரையையும் எங்கட சனம் அப்பிடித்தான் சொல்லுறது. வீட்டில அம்மம்மாவோட இங்கிலீஷ், மற்ற எல்லாரோடயும் தமிழ், நத்தாருக்கு பிரோடர் கேக்கும் சிவப்பு மெழுகு பூசின சீஸும், ஆராவது கொழும்பில இருந்து வந்தால் சோறும் கறியும் வாழையிலையில சுத்தின லம்பிரைஸ், இதுதான் எனக்குச் சின்னனில தெரிஞ்ச ஒல்லாந்து.

அந்தக் கொம்பனி 1602ல துவங்கினது. யாழ்ப்பாணக் கோட்டையை 1658ல போர்த்துக்கேயரிட்ட இருந்து பிடிச்சு, 1795ல பிரிட்டிஷ்காரர் வரும் மட்டும் வைச்சிருந்தவை. நாலு மூலையா இருந்த பழைய கோட்டையை ஐஞ்சு மூலைக் கோட்டையாக் கட்டினதும் அவைதான். உள்ளுக்க 1706ல கட்டின ஒரு பெரிய தேவாலயம் இருந்தது, நிலம் முழுக்க கல்லறைக் கல்லுகள். அம்மம்மா தன்ர சின்ன வயசில அங்க போய் அந்தக் கல்லுகளில இருக்கிற பேருகளை எழுத்துக் கூட்டி வாசிச்சிருக்கிறா. 1990ல கோட்டையைச் சுத்தி நடந்த சண்டையோட அந்தக் கோயில் போச்சு. இப்ப நெதர்லாந்துக் காசில கோட்டை மதிலுகளை திருத்தியிருக்கினம், கோயில் இருந்த இடத்தில கல்லுக் குவியல்தான் கிடக்கு.

அம்மாவின்ர அண்ணன்மார், எங்கட மாமாமார், எல்லாரும் அறுபதுகளில மெல்பேர்னுக்குக் கப்பல் ஏறீட்டினம். ஏனெண்டு கேட்டால் 1956ல வந்த தனிச் சிங்களச் சட்டம். ரெயில்வே, தபால் கந்தோர், சுங்கம் எண்டு இங்கிலீஷை நம்பி அரசாங்க வேலை பாத்த சனத்துக்கு அதுக்குப் பிறகு பிள்ளையளின்ர எதிர்காலம் என்னெண்டு விளங்கேல்ல. இதில எனக்கு மனசு வலிக்கிற விசயம் ஒண்டு இருக்கு. அப்ப அவுஸ்திரேலியாவில வெள்ளையர் கொள்கை இருந்த காலம், பறங்கியர் உள்ளுக்க வரவேணுமெண்டால் முக்கால்வாசிக்கு மேல ஐரோப்பிய இரத்தம் எண்டு காட்டவேணும். அதுக்கு உதவினது கொழும்பில ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் 1908ல இருந்து ஒரு சஞ்சிகையில போட்டுக்கொண்டு வந்த வம்சாவளிகள். முதல் ஆள் ஐரோப்பாவில இருந்து வந்த ஆம்பிளை, அவர் ஆர், எந்த ஊர், எந்தக் கப்பலில எந்த வருசம் வந்தவர், பிறகு அவரின்ர ஆம்பிளைப் பிள்ளையள், அவையின்ர பிள்ளையள். குடும்பத்தைப் பற்றித் தெரிஞ்சுகொள்ள ஆசையா எழுதி வைச்ச மரம் பேந்து விசாவுக்கு அத்தாட்சியாப் போச்சுது. அம்மா தமிழரைக் கட்டினபடியா அவவுக்கு அந்த மரம் ஒண்டுக்கும் உதவேல்ல, அவ யாழ்ப்பாணத்திலயே இருந்திட்டா.

நாங்கள் 95 இடப்பெயர்வோட சாவகச்சேரிக்குப் போய், அங்கால கொழும்பு, கடைசியா மாமாமாரின்ர மெல்பேர்னுக்கே வந்து சேந்தம். அங்க பெரிய மாமா வீட்டு அலுமாரியில அந்த வம்சாவளியின்ர போட்டோகொப்பி இருந்தது. எங்கட குடும்பத்தில வாய்வழியா எல்லாரும் சொல்லுறது, முதல் ஆள் மிடில்பேர்க் ஊரவர், நல்ல வசதியான வீட்டுப் பிள்ளை எண்டு. அம்மாவுக்கு அந்த மிடில்பேர்க்கை ஒருக்கா எண்டாலும் கண்ணால பாக்கவேணும். பிள்ளையளுக்கும் லீவு, எல்லாருமாச் சேந்து ஒல்லாந்துக்கு வெளிக்கிட்டம்.

ட்ரெயினில போகேக்க நடந்ததைச் சொல்லவேணும். ஒவ்வொரு ஸ்டேசனா பேர் சொல்லுறாங்கள், லைடன், டெல்ஃப்ட், ரொட்டர்டாம், அம்மா ஒவ்வொண்டுக்கும் "வேலணை வந்திட்டுது, நெடுந்தீவு வந்திட்டுது, இது அனலைதீவு" எண்டு பேரப்பிள்ளையளுக்குச் சொல்லிக்கொண்டு வாறா. உண்மைதான், ஒல்லாந்தர் எங்கட தீவுகளுக்குத் தங்கட ஊர்ப் பேருகளை வைச்சவை, நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், காரைதீவு அம்ஸ்டர்டாம். அதில நெடுந்தீவுக்கு மட்டும் டெல்ஃப்ட் எண்ட பேர் இண்டைக்கும் மாப்பில நிக்குது. 1658ல யாழ்ப்பாணத்துக்கு வந்த பாதிரியார் பிலிப்பஸ் பல்தேயஸ் பிறந்ததும் இந்த டெல்ஃப்ட்டில. அவர் எங்கட ஊரையும் ஊர்ச் சனத்தையும் பற்றி எழுதின பெரிய புத்தகம் 1672ல அம்ஸ்டர்டாமில அச்சானது, அதில கர்த்தர் கற்பித்த செபம் தமிழ் எழுத்தில இருக்கு. அதைச் சொன்ன உடன மகன் ஃபோனில தேடி அந்தப் பக்கத்தை எடுத்திட்டான், அம்மா வாசிக்க வெளிக்கிட்டா, எழுத்து அவ்வளவு விளங்கேல்ல, ஆனா விடேல்ல.

தெ ஹேக்கில தேசிய ஆவணக் காப்பகம் பெரிய ட்ரெயின் ஸ்டேசனுக்குப் பக்கத்திலயே இருக்கு. கொம்பனியின்ர கடுதாசிகள் மட்டும் அங்க ஒரு கிலோமீட்டருக்கு மேல றாக்கையில நிக்குது, 2003ல யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில சேத்தது. எங்களுக்கு வேண்டியது அதுக்குள்ள இருக்கிற கப்பல் சம்பளப் புத்தகங்கள். 18ம் நூற்றாண்டில கப்பல் ஏறின ஒவ்வொரு ஆளுக்கும் அதில ஒரு கணக்கு இருக்கு. இடப்பக்கம் கடன், வலப்பக்கம் உழைப்பு. மேல பேர், சொந்த ஊர், என்ன வேலை, எந்தக் கப்பல், கடைசியில அவர் என்ன ஆனவர், செத்தவரோ, திரும்பி வந்தவரோ, ஓடிப் போனவரோ, எல்லாம் கிடக்கு. அந்தக் கணக்குகளை ஒரு டேட்டாபேஸ் ஆக்கி வெப்சைட்டில போட்டிருக்கினம், ஆரும் வீட்டில இருந்து தேடலாம், காசில்ல.

எங்கட ஆளும் அதில இருந்தவர். 1760களின்ர துவக்கத்தில வந்த ஒரு சிப்பாய், மாசம் 9 கில்டர் சம்பளம். ஆனா ஊர் மிடில்பேர்க் இல்ல, ஜேர்மனியின்ர உள்நாட்டில ஒரு சின்ன ஊர். மிடில்பேர்க் எண்டது அவர் ஏறின கப்பல் மிடில்பேர்க்கில இருந்த கொம்பனியின்ர சீலாந்துக் கிளையைச் சேந்ததெண்டபடியா குடும்பக் கதையில வந்து ஒட்டினது. கொம்பனிச் சிப்பாய்மாரில பாதிப் பேர் மட்டில இப்பிடி வெளியூர்க்காரர், ஜேர்மன்காரரும் ஸ்கண்டிநேவியாக்காரரும். வேலை தேடித் துறைமுகத்துக்கு வாற ஏழைப் பெடியங்களைச் சாப்பாடும் படுக்க இடமும் குடுத்து வைச்சிருக்கிற ஆக்கள் இருந்தவை, பெடியன் கப்பலில சேந்த உடன அவன்ர சம்பளத்தில இருந்து எடுக்க 150 கில்டர் வரைக்கும் கடன் கடுதாசி எழுதி வாங்குவினம். எங்கட ஆளின்ர இடப்பக்கத்திலயும் அந்தக் கடன் நிக்குது. 9 கில்டர் உழைக்கிறவருக்கு 150 கில்டர் கடன் எண்டால் யோசிச்சுப் பாருங்கோ. அம்மா கனநேரம் அந்தப் பக்கத்தையே பாத்துக்கொண்டிருந்திட்டு, "பாவம், அவருக்கும் போக்கிடம் இல்லாமத்தான் வந்திருக்கிறார்" எண்டா. வசதியான வீட்டுப் பிள்ளை எண்ட கதை போனதில அவவுக்கு ஒரு குறையும் இல்ல, எனக்கும் இல்ல, இடம்பெயந்து வந்த எங்களுக்கு இந்த மனுசன்தான் கிட்டவா இருக்கிறார்.

இருந்தாலும் மிடில்பேர்க்குக்குப் போனனாங்கள். 1940 மே மாசம் போரில ஊரின்ர நடுப்பக்கம் எரிஞ்சு கொம்பனியின்ர பழைய வீடும் போட்டுது, கன ஆவணங்களும் போட்டுது. அதைக் கேட்ட எங்களுக்கு வேற விளக்கம் தேவைப்படேல்ல, யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச ஊர்க்காரர் நாங்கள். அங்க இருந்து ரமக்கென்ஸ் எண்ட கடல் கோட்டைக்குப் போனம், அதுக்கு முன்னால உள்ள கடலிலதான் சீலாந்துக் கப்பலுகள் காத்துக்காகக் காத்து நிண்டது. அங்க ஏறினால் நன்னம்பிக்கை முனையில ஒருக்கா நிண்டு, எட்டு மாசம் மட்டில கடல்தான். கொம்பனிக் காலம் முழுக்க கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் ஆசியாவுக்குக் கப்பல் ஏறினவை, திரும்பிப் போனது மூண்டில ஒரு பங்குதான்.

அம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில ஒரு சின்ன பீரங்கி இருந்தது, வெள்ளி, பொன், மாணிக்கக் கல்லெல்லாம் பதிச்ச கண்டிப் பீரங்கி. நல்ல வடிவான சாமான், ஆனா 1765ல ஒல்லாந்தப் படை கண்டி அரண்மனைக்குள்ள பூந்து கொள்ளையடிச்சது. 1761ல இருந்து 66 வரைக்கும் கண்டியோட நடந்த சண்டைக்குள்ளதான் எங்கட சிப்பாயும் வந்து இறங்கினவர். அந்தப் படையில அவர் போனவரோ எண்டு மகள் கேட்டா. போயிருக்கலாம் எண்டு சொன்னன், பிள்ளையளுக்கு அதை மறைக்கக் கூடாது எண்டதில நான் உறுதி. 2023 டிசம்பரில அந்தப் பீரங்கியையும் இன்னும் அஞ்சு சாமானையும் இலங்கைக்குத் திருப்பிக் குடுத்திட்டினம், அண்டைக்கு எங்கட வீட்டில எல்லாருக்கும் சரியான சந்தோசம்.

அப்பாவின்ர பக்கத்துக்கும் ஒல்லாந்தோட ஒரு தொடர்பு இருக்கெண்டு நான் பிள்ளையளுக்குச் சொல்லுறனான். எனக்குச் சீதனமா வந்த தென்மராட்சிக் காணி யாழ்ப்பாணத் தமிழரின்ர சொத்து வழமையளைச் சொல்லுற தேசவழமைச் சட்டத்துக்குள்ள வாற காணி, அந்த வழமையளை 1707ல எழுத்தில தொகுத்தவர் யாழ்ப்பாணத்தில திசாவையா, அதாவது நிர்வாக அதிகாரியா, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எண்ட ஒல்லாந்தர். போக்குவரத்து ஒருபக்கமா நடக்கவும் இல்ல. இலங்கைப் பறங்கியரில ஒரு குடும்பமான ஒண்டாச்சி குடும்பத்தின்ர முதல் ஆள் தஞ்சாவூர்ப் பக்கத்தில இருந்து 1659ல கொழும்புக்கு வந்த ஒரு தமிழ் வைத்தியர் எண்டு சொல்லுவினம். அந்த வழியில 1758ல கொழும்பில பிறந்த குவின்ட் ஒண்டாச்சி ஒல்லாந்துக்குப் படிக்கப் போய், உட்ரெக்ட் நகரத்தில ஜனநாயகம் கேட்ட தேசபக்தர் இயக்கத்துக்குத் தலைவராகி, 1787ல பிரஷ்யப் படை வந்தாப் பிறகு பிரான்சுக்கு ஓடவேண்டி வந்தது. உட்ரெக்ட்டில அவர் நடந்த தெருவுகளில எங்கட பிள்ளையள் நடந்ததில எனக்கு இருக்கிற பெருமை கொஞ்சமில்ல.

இப்ப நான் இண்டைக்குச் சொல்ல வந்த முக்கியமான விசயம். அந்த வம்சாவளியில முதல் ஆம்பிளைக்கு ஊர், கப்பல், வருசம் எல்லாம் இருக்கு. அவர் கட்டின பொம்பிளைக்கு? வெறும் ஞானஸ்நானப் பேர், அதுக்குப் பக்கத்தில "நாகபட்டினத்து" எண்டு ஒரு சொல், அவ்வளவுதான். தாய் தகப்பன் பேர் இல்ல. கொம்பனிக் கப்பலுகளில ஐரோப்பியப் பொம்பிளையள் வந்தது நல்லாக் குறைவு, கொம்பனி ஆக்கள் கட்டினதில கனபேர் இங்க பிறந்த கலப்புக் குடும்பத்துப் பிள்ளையளும் உள்ளூர்ப் பிள்ளையளும்தான், 1640களில மாட்சாய்க்கர் எண்டவர் இலங்கையில ஒல்லாந்தக் கவர்னரா இருக்கேக்க அதை ஊக்குவிச்சும் இருக்கிறார். அதுக்குள்ள இன்னொண்டும் இருக்கு, அடிமையா விக்கப்பட்ட சனத்தை எழுதினதும் இதே மாதிரித்தான், ஒரு புதுப் பேர், அதோட பிடிபட்ட ஊர். 1659ல இருந்து 61 வரைக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்தில வந்த பஞ்சத்தில தங்களையும் பிள்ளையளையும் வித்த சனம் யாழ்ப்பாணத்திலயும் கொழும்பிலயும் வந்து இறங்கினது. அதுக்கு நூறு வருசத்துக்குப் பிறகு வாழ்ந்த எங்கட அந்தப் பாட்டி அப்பிடியான வழியோ, சுதந்திரமான குடும்பமோ, அந்த ஒரு சொல்லை வைச்சுச் சொல்லேலாது.

மெல்பேர்னில அவவைப் பற்றி ஒரு நாளும் ஒருத்தரும் கதைச்சதில்ல. கதைச்சிருந்தால் முக்கால்வாசிக் கணக்கு இடிக்கும், அப்பத்தைய ஆக்கள் பயந்தவை, அதை நான் குறையாச் சொல்லமாட்டன். பெரிய மாமாவுக்கு நான் இதைச் சொல்லேக்க அவர் முதலில ஒண்டும் சொல்லேல்ல, பேந்து தன்ர தாய் அவரைச் சின்னனில வெயிலுக்க விளையாட விடாத கதையைச் சொன்னவர். ஒரு ஜேர்மன் ஏழைப் பெடியனைத் தேடி நாங்கள் இவ்வளவு தூரம் போகேலுமெண்டால், அவனோட குடும்பம் நடத்தி, எங்களைப் பெத்து விட்ட பொம்பிளையைத் தேட ஏன் ஒருத்தரும் போகேல்ல? அவவும் எங்கட சொத்துத்தான், எனக்கெண்டால் அவதான் கூட. அவ பிள்ளையளோட எந்தப் பாஷை கதைச்சிருப்பா எண்டு நான் அடிக்கடி யோசிக்கிறனான், அந்த வீடுகளில அப்ப கூடப் புழங்கினது போர்த்துக்கேயக் கலப்புப் பாஷை, ஆனா நாகபட்டினத்துக்காரிக்குத் தமிழ் தெரியாமல் இருந்திருக்குமோ?

அதால அடுத்த பயணம் நாகபட்டினம். 1658ல இருந்து 1781 வரைக்கும் ஒல்லாந்தரின்ர கையில இருந்த ஊர், சோழமண்டலக் கரைக்கு அவையின்ர தலைநகரமாவும் கனகாலம் இருந்தது, பழைய சேமக்காலையும் தேவாலயமும் இன்னும் நிக்குது. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, ஆனா ஒல்லாந்தில நடந்த நான் இதுக்கு வராமல் இருப்பனோ எண்டு கேக்கிறா. கொழும்பு சுவடிக்கூடத்தில இருக்கிற ஒல்லாந்தர் காலத்துப் பள்ளித் தோம்புகளையும் வழியில பாக்கிற எண்ணம், ஞானஸ்நானமும் கலியாணமும் ஊர் ஊரா எழுதி வைச்ச ஏடுகள் அது, தமிழ்க் குடும்பங்களின்ர பேரும் அதில கனக்க இருக்கு. கேட்டுக்கொண்டிருக்கிற ஆரின்ரயாவது வீட்டில பழைய ஞானஸ்நானக் கடுதாசியோ, வேத புத்தகத்தின்ர முன் பக்கத்தில எழுதின பிறந்த நாள் இறந்த நாள் பட்டியலோ கிடந்தால், அதில பொம்பிளையளின்ர பேருக்குப் பக்கத்தில ஒரு ஊர்ப் பேர் இருந்தால், தயவுசெய்து ஒரு போட்டோ எடுத்து இந்த வானொலி நிலையத்துக்கு அனுப்பி விடுங்கோ, அவை எனக்குத் தருவினம். நன்றி, வணக்கம்.