மாசியில் பார்த்த வீடு

வணக்கம். திருகோணமலையில், நாங்கள் சொல்கிற திருமலையில், வீடு தேடுகிறவர்களுக்குப் பிரயோசனமாக ஏதாவது சொல்லுங்கோ என்றுதான் என்னை வானொலிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் வீட்டுத் தரகனும் இல்லை, எஞ்சினியரும் இல்லை. முப்பது வருசத்துக்கு மேலாக இந்த ஊரில் வயரிங் வேலை செய்கிறவன். உவர்மலையிலிருந்து நிலாவெளி வரைக்கும் எத்தனையோ வீட்டுச் சீலிங்குக்குள்ளே தவழ்ந்து போயிருக்கிறேன். வீடு பார்க்க வருகிறவருக்கு வீட்டுக்காரர் முன்வாசலையும் மாபிளையும் காட்டுவார். எனக்குத் தெரிந்தது ஓட்டுக்குக் கீழே இருக்கிற சூடும் மீற்றர் பெட்டியில் பிடித்திருக்கிற துருவும்தான். அந்தப் பக்கத்திலிருந்து கதைக்கிறேன், சரியோ.

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றவர்களுக்குப் புத்தி சொல்லலாம். சில வருசத்துக்கு முதல் நாங்கள் ஒரு வாடகை வீட்டுக்கு மாறினோம். மேல்மாடி, கொங்கிரீட் கூரை, புது பெயின்ற். நான் அதைப் பார்க்கப் போனது மாசி மாதம், பின்னேரம் ஐந்து மணிக்கு. மாசியில் திருமலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மழை விட்டிருக்கும், வெறும் வளவெல்லாம் பச்சையாக இருக்கும், கோட்டை வாசலில் மான்கள் புல்லை மேய்ந்துகொண்டு நிற்கும், பின்னேரக் காற்று உப்பும் குளிருமாக முகத்தில் படும். அந்த மாதத்தில் இந்த ஊரில் மோசமான வீடு என்று ஒன்றும் இல்லை. என் மனுசி மட்டும் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, இது வெயிலுக்குத் தாங்குமோ?" என்று கேட்டா. "காத்து வருகுது தானே" என்று சொல்லிவிட்டு ஆறு மாத முற்பணத்தை எண்ணிக் கொடுத்தேன். ஊரில் எல்லாருடைய வீட்டுக் கூரைக்குள்ளும் போய் வருகிற நான், என் வீட்டுக் கூரையைப் பார்க்கவில்லை.

ஆனி வந்தது. இரவு எட்டு மணிக்குக் குளிக்கப் போய்க் குழாயைத் திறந்தால் தேத்தண்ணி போடலாம், அவ்வளவு சூடு. மொட்டை மாடியில் கறுப்புத் தாங்கி பகல் முழுக்க வெயிலில் நின்றிருக்கிறது. அதைவிட மோசம் படுக்கை அறை. பத்து மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி இருக்கும். கொங்கிரீட் பகலில் வாங்கின சூட்டைப் பகலில் தருவதில்லை. சேர்த்து வைத்து, நீங்கள் படுத்த பிறகுதான் தரும். பான் சுற்றினால் அந்தச் சூட்டைத்தான் கீழே இறக்கும். பிள்ளைகள் நிலத்தில் தண்ணி தெளித்துவிட்டு வெறும் தரையில் படுத்தார்கள்.

அன்றிலிருந்து நான் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வது இதுதான். இந்த ஊரில் ஒரு வீட்டை இரண்டு தரம் பார்க்க வேண்டும், ஆடியில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒருமுறை, மார்கழி மழைக்குள் ஒருமுறை. வருசம் முழுக்கக் காத்திருக்க யாராலே முடியும் என்று கேட்பீர்கள், நியாயம். அதனால்தான் ஆடியில் நின்றுகொண்டு மார்கழியையும், மாசியில் நின்றுகொண்டு ஆடியையும் கண்டுபிடிக்கிற வழியைச் சொல்ல வந்தேன்.

ஆடியைப் பற்றி. கச்சான் என்றால் கடற்கரை வண்டிலில் வறுத்து விற்கிற கடலை மட்டும் இல்லை என்று கொழும்பிலிருந்து மாற்றலாகி வருகிறவர்களுக்கு ஆனி மாதத்தில்தான் தெரியவரும். தென்மேல் காற்று அந்தப் பக்கத்து மலையில் மழையையெல்லாம் கொட்டிவிட்டு, மலையை விட்டு இறங்க இறங்கக் காய்ந்து சூடாகி எங்களிடம் வருகிறது. அதுதான் கச்சான் காற்று. அது பலமாக வீசுகிற நாட்களில் கடற்காற்று உள்ளே வர வழியே இல்லை. ஆகவே கடலுக்குப் பக்கத்து வீடு என்பதால் குளிர்ச்சி என்று நம்பிவிடாதீர்கள். மேற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு வேம்போ மாமரமோ நின்றால் அது ஒரு ஏசிக்குச் சமம் என்பது என் கணக்கு. வெறும் சுவர் நின்றால், அந்தச் சுவருக்கு உள்பக்கம் படுக்கை அறையா குசினியா என்று பாருங்கள்.

இன்னொரு விசயம், இதைச் சொன்னால் மேசன்மாரே சிலர் நம்புவதில்லை. வடக்குச் சுவர் வெயில் படாத சுவர் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. திருமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் நேரே உச்சிக்கு வரும், அதற்குப் பிறகு ஓகஸ்ட் கடைசி வரைக்கும் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கேதான் நிற்கும். அதாவது வருசத்தில் ஆகச் சூடான மாதங்களில் வெயில் வாங்குவது வடக்குச் சுவர், மார்கழியில் வாங்குவது தெற்குச் சுவர். வாஸ்து பார்க்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் வடக்குப் பக்கம் ஒரு நல்ல கூரை இறக்கு இருக்கிறதா என்றும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது கரண்ட் பில். வாடகை குறைவு என்று சூடான வீட்டை எடுக்கிறவர்கள் அந்த மிச்சத்தை மின்சாரத்துக்குக் கட்டுகிறார்கள், அவர்களுக்கே தெரியாமல். சாதாரண சீலிங் பான் ஒன்று 75 வாற். இரவும் பகலும் சுற்றினால் ஒரு நாளைக்கு 1.8 யூனிற், முப்பது நாளைக்கு 54. ஒரே ஒரு பான்! எங்கள் நாட்டுக் கட்டண முறையில் மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால், தாண்டின யூனிற்றுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, முதல் யூனிற்றிலிருந்தே வேறு விலைக்குப் போய்விடும், நிலையான கட்டணமும் ஏறும். பிறகு 90, 120, 180 என்று படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். பழைய ஓட்டு வீட்டில் பகலில் பானே தேவைப்படாத குடும்பமும், கொங்கிரீட்டுக்குக் கீழே மூன்று பானும் ஒரு ஏசியும் ஓட்டுகிற குடும்பமும் ஒரே வாடகை கொடுத்தாலும் ஒரே செலவில் இருப்பதாக நினைக்காதீர்கள். பன்னிரண்டாயிரம் பீரீயூ ஏசி மணிக்கு ஒரு யூனிற்றுக்குக் கிட்ட எடுக்கும். குளிர்ந்த அறையில் அது விட்டு விட்டு ஓடும், சூட்டைக் கக்குகிற அறையில் விடியும் மட்டும் ஓயாது.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போது வீட்டுக்காரரிடம் ஜூலை, ஓகஸ்ட் பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். "அதெல்லாம் எறிஞ்சு போட்டம் தம்பி" என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

சரி, மார்கழி. எங்கள் ஊருக்கு வருசத்துக்கு 1,600 மில்லிமீற்றருக்குக் கிட்ட மழை. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டிவிடும், மிச்ச எட்டு மாதம் தண்ணிக்கு வாயைப் பிளக்கும். எந்த ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும் என்று வீட்டுக்காரர் சொல்லமாட்டார், தரகர் சொல்லவே மாட்டார். ஆனால் பிளக் சொல்லும். நாங்கள் வயரிங் செய்யும்போது சுவர் பிளக்கை வழமையாக நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் வைப்போம். ஒரு வீட்டில் எல்லா பிளக்கும் நாலடி உயரத்தில் இருந்து, கீழே ஒரு அடியில் சிமெந்து பூசி அடைத்த சதுரம் பெயின்றுக்குள்ளால் லேசாகத் தெரிந்தால், அந்த வீட்டுக்குள் ஒரு மார்கழியில் தண்ணி வந்திருக்கிறது. பிரிட்ஜ் கல்லுக்கு மேலே நிற்கிறதா பாருங்கள். அலுமாரிக் கால் கீழ்ப்பக்கம் ஊதியிருக்கிறதா பாருங்கள். கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அமத்தினால் விழுகிறதா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் விடியற்காலையில் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்ச் என்றால் சுவருக்குள் ஈரம். அதை வயரால் சுற்றிக் கட்டி வைத்த ஒரு வீட்டையும் கண்டிருக்கிறேன், அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை வானொலியில் சொல்ல முடியாது.

புயலையும் மறக்க வேண்டாம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி திருமலைக்கு வடக்கே கரையேறியது. பயந்த அளவுக்கு அடிக்கவில்லை, ஆனாலும் அடுத்த கிழமை முழுக்க எனக்கு வேலை. தூணிலிருந்து வீட்டுக்கு வருகிற வயர் முருங்கைக் கிளைக்குள்ளால் போகிற வீடுகளில்தான் பாதி வேலை. முருங்கை காற்றுக்கு முதலில் முறிகிற மரம். கடற்கரை ஓரம் இரும்புக் கிறிலும் சீற் ஆணியும் எவ்வளவு வேகத்தில் உக்கும் என்பதைப் பற்றித் தனியாக ஒரு உரை செய்யலாம், இப்போது விடுகிறேன்.

தண்ணிக்கு வருவோம், ஏனென்றால் கரண்ட் இல்லாமல் ஒரு இரவைத் தள்ளலாம், தண்ணி இல்லாமல் முடியாது. ரவுணுக்கும் அதைச் சுற்றின இடங்களுக்கும் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணி. குழாய் இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், எத்தனை மணிக்கு மேல்தாங்கிக்குத் தானாக ஏறுகிறது என்று கேளுங்கள். மேட்டு வீடுகளில் அழுத்தம் போதாமல் நிலத்தில் ஒரு தொட்டி கட்டி, மோட்டர் போட்டு ஏற்றுவார்கள். ஒரு குதிரைச் சக்தி மோட்டர் மணிக்கு ஒரு யூனிற்றுக்குக் கிட்ட, அதுவும் உங்கள் பில்லில்.

கிணறு என்றால் இன்னும் கவனம். கன்னியாவில் ஏழு கிணறு பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு என்று சின்ன வயதில் எல்லாரும் கையை விட்டுப் பார்த்திருப்போம். அலஸ்தோட்டம், உப்புவெளிப் பக்கத்துக் கிணறுகளும் அந்த மாதிரித்தான், வித்தியாசம் சூட்டில் இல்லை, உப்பில். ஒரு வளவில் நல்ல தண்ணி, வேலிக்கு அந்தப் பக்கம் வாயில் வைக்க முடியாது. மணல் நிலத்தில் மழைத்தண்ணி கடல் தண்ணிக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. வாளியால் அள்ளினால் அது கலங்காது, பெரிய மோட்டரைப் போட்டு இழுக்க இழுக்கக் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். பக்கத்தில் ஒரு ஹோட்டல் வந்து ஆழமாக இழுத்தால் உங்கள் கிணற்றின் குணமும் மாறலாம். அதனால் கிணற்றுத் தண்ணியை மாசியில் குடித்துப் பார்த்து ஏமாறாதீர்கள், நல்ல கிணறா என்று தெரிவது மழைக்கு முதல், புரட்டாதியில். அதுவரை நிற்க முடியாதென்றால் ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் தேத்தண்ணி போட்டுப் பாருங்கள், பிறகு சவர்க்காரம் நுரைக்கிறதா என்று பாருங்கள். அந்த வீட்டுக் கேத்திலுக்குள் எட்டிப் பார்த்தாலும் போதும், தண்ணி சரியில்லை என்றால் வெள்ளையாகப் படிந்திருக்கும். கக்கூஸ் குழி எங்கே என்றும் கேளுங்கள், உங்கள் குழியை மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுக் குழியையும். மணலில் ஐம்பது அடியாவது தள்ளி இருக்க வேண்டும். ஆறு பேர்ச், எட்டு பேர்ச் என்று சின்னச் சின்னத் துண்டு போட்டு விற்கிற காணிகளில் அந்த ஐம்பது அடியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கும் விளங்கவில்லை.

வாடகையைப் பற்றி ஒன்று மட்டும். நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரையில் மே முதல் செப்டெம்பர் வரை வெள்ளைக்காரர் வருகிற காலம், கடல் அடங்கிக் கிடக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஒக்டோபரில் மலிவாக ஒரு வீடு கிடைத்தது என்று சந்தோசமாகப் போய் இருந்தது. சித்திரைப் புத்தாண்டு முடிய வீட்டுக்காரர் வந்து, அறையாக விட்டால் ஒரு கிழமையிலேயே இந்தக் காசு வரும், எழும்புங்கோ என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நடுவில் நின்றது. ஆகவே ஒரு வருசம் என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். காணி வாங்குகிறவர்கள் கையில் இருப்பது சொந்தக் காணி உறுதிப் பத்திரமா, வெறும் அனுமதிப்பத்திரமா என்று பாருங்கள். அரச காணிக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்துக்குத் தெரியாமல் கைமாற்ற முடியாது, விலை மலிவாக இருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

தூரத்தையும் சிலர் பிழையாகக் கணக்குப் பார்க்கிறார்கள். கிண்ணியா ஒரு காலத்தில் பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறி, வரிசையில் நின்று போகிற இடம். 2009இல் 396 மீற்றர் பாலம் திறந்த பிறகு அங்கிருந்து ரவுணுக்கு வேலைக்கு வந்து போகலாம். ஆனால் இரண்டு பேர் இரண்டு மோட்டார் சைக்கிளில் வந்து போனால், பெற்றோலுக்குப் போகிற காசையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள், பாலையூற்றில் ஒரு சின்ன வீடு அதைவிட மலிவாகத் தெரியலாம். நாங்கள் கடைசியில் அங்கேதான் போனோம். பழைய ஓட்டு வீடு, எலி ஓடும், மழைக்கு இரண்டு இடத்தில் சட்டி வைக்க வேண்டும், ஆனால் ஆடியில் நித்திரை வரும்.

இப்போது என் மருமகன் அலஸ்தோட்டத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறார். போன ஆடியில் இரண்டு மணி வெயிலுக்குள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் கை வைத்துப் பார்த்தேன், பரவாயில்லை. மேற்கே இரண்டு வேம்பு. தண்ணியில் தேத்தண்ணியும் நன்றாக வந்தது. பிறகு பார்த்தால் விறாந்தையில் பிளக் எல்லாம் நாலடி உயரத்தில் இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். "பேரப்பிள்ளையள் விரலை விடுவினம் எண்டு உயர்த்தினது தம்பி" என்றா. உண்மையாகவும் இருக்கலாம், அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிந்துகொண்டுதான் இருந்தார்கள். மருமகனுக்குப் பொறுமை இல்லை, "மாமா, உங்களோட வீடு பார்க்கப் போனால் ஒரு வருசம் ஆகும்" என்கிறார். முற்பணம் இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது. மழை பிடித்து மூன்று நாள் விடாமல் கொட்டட்டும், நாலாம் நாள் குடையோடு அந்த ஒழுங்கைக்குள் போய்ப் பார்க்கப் போகிறேன்.