அனைவரும் வருக என்று போட்டிருக்கிறார்களே!

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழகங்களில் புதிய பருவம் தொடங்கும்போது ஒரு பட்டியல் வெளிவரும். பன்னாட்டு ஆய்வுத் துறை, ஆப்பிரிக்க ஆய்வு மையம், தெற்காசிய ஆய்வு மையம் என்று ஏதோ ஒரு பெயரில் இயங்கும் துறை, வரும் மாதங்களில் நடக்கவிருக்கும் சொற்பொழிவுகளையும் கலை நிகழ்ச்சிகளையும் அதில் வரிசையாகப் போட்டிருக்கும். ஒரு முன்னாள் தூதர் பேசுகிறார். ஒரு நூலாசிரியர் தம் புதிய நூலைப் பற்றிச் சொல்கிறார். இன்னொரு நாள் மாலையில் ஒரு திரைப்படம், அதைத் தொடர்ந்து கலந்துரையாடல். அடுத்த வாரம் இசை நிகழ்ச்சி. கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அனுமதி இலவசம், அனைவரும் வருக.

இந்தக் கடைசி வரியைத்தான் பலர் நம்புவதில்லை. "சும்மா ஒரு பேச்சுக்குப் போட்டிருப்பார்கள், நாமெல்லாம் போனால் நீங்கள் யார் என்று கேட்பார்கள்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட கூட்டங்களை ஏற்பாடு செய்தும் இருக்கிறேன், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டும் இருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். முன்வரிசை இரண்டும் காலியாகக் கிடக்கும். இன்னும் நாலு பேர் வரமாட்டார்களா என்று ஏற்பாட்டாளர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அதுமட்டுமல்ல, பொதுமக்களை அழைப்பது இந்தத் துறைக்குப் புதுப் பழக்கமும் அல்ல. பன்னாட்டு அரசியலுக்கென்று உலகில் முதன்முதலாக ஒரு பேராசிரியர் இருக்கை ஏற்பட்டது 1919-இல், வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் என்ற கடலோர ஊரில். டேவிட் டேவிஸ் என்ற செல்வரும் அவருடைய இரண்டு சகோதரிகளும் 20,000 பவுண்டு கொடுத்தார்கள். முதல் உலகப் போரில் மாண்டுபோன மாணவர்களின் நினைவாகக் கொடுத்த பணம் அது. போர் ஏன் மூள்கிறது, நாடுகள் எப்படி ஒத்துப்போக முடியும் என்பதெல்லாம் நாலு சுவருக்குள் பேசும் இராஜதந்திரிகளுக்கு மட்டும் தெரிந்தால் போதாது என்ற எண்ணம் அந்தத் தலைமுறையில் பலமாக இருந்தது.

அமெரிக்காவில் கதை வேறு. 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் என்ற முதல் செயற்கைக்கோளை விண்ணில் ஏவியது. பதறிப்போன வாஷிங்டன் அடுத்த ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்து, அயல்மொழிகளையும் உலக வட்டாரங்களையும் படிப்பிக்கும் மையங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. நோக்கம் பனிப்போர்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த நிதியோடு, பள்ளி ஆசிரியர்களையும் பொதுமக்களையும் சென்றடையும் நிகழ்ச்சிகளையும் நடத்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பின்னாளில் சேர்ந்துகொண்டது. ஆகவே, அப்படிப்பட்ட மையம் இலவசமாக ஒரு படத்தைத் திரையிட்டால், அது நமக்குச் செய்யும் தயவு என்று கூச்சப்பட வேண்டியதில்லை. பணம் கொடுத்தவரிடம் கணக்குக் காட்ட அவர்களுக்கும் நாம் தேவை.

சரி, அங்கே என்னதான் நடந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். சில நேரம் பெரிதாகவே நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் ஃபுல்டன் என்று ஒரு சிறிய ஊர். அங்கே வெஸ்ட்மின்ஸ்டர் என்ற சிறிய கல்லூரி. உலகப் பிரச்சினைகள் பற்றிப் பேச ஒரு பெரிய மனிதரை அழைப்பதற்கென்று அங்கே ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கல்லூரித் தலைவர் துணிந்து வின்ஸ்டன் சர்ச்சிலுக்கே கடிதம் எழுதினார். வெறும் கடிதம் போயிருந்தால் குப்பைத்தொட்டிக்குத்தான் போயிருக்கும். ஆனால் அமெரிக்க அதிபர் ட்ரூமனின் சொந்த மாநிலம் மிசௌரி. அந்தக் கடிதத்தின் அடியில் அவர் தம் கையாலேயே நாலு வரி சேர்த்தார். நல்ல கல்லூரி, வாருங்கள், மேடையில் உங்களை நானே அறிமுகம் செய்கிறேன் என்பது அதன் சாரம். 1946 மார்ச் 5 அன்று, தேர்தலில் தோற்றுப் பதவியில் இல்லாத சர்ச்சில் அந்தக் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நின்று பேசினார். சோவியத் பிடியில் இருந்த கிழக்கையும் மேற்கையும் பிரித்து ஐரோப்பாவின் குறுக்கே இரும்புத்திரை விழுந்துவிட்டது என்று அவர் சொன்னது அங்கேதான்.

அடுத்த ஆண்டு, 1947 ஜூன் 5. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜார்ஜ் மார்ஷலுக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. அன்று பிற்பகல் அவர் ஒரு சிறிய உரை வாசித்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. போரில் நொறுங்கிப்போன ஐரோப்பா தானே கூடித் திட்டம் வகுத்தால் அமெரிக்கா உதவும் என்பதுதான் செய்தி. நம்மைப் போன்ற வானொலிக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ள இதில் இடம் உண்டு. பிபிசியின் வாஷிங்டன் நிருபர் லெனார்ட் மையல் அன்று இரவே அந்த உரையை வானொலியில் எடுத்துச் சொன்னார். லண்டனில் படுக்கையருகே இருந்த வானொலிப் பெட்டியில் அதைக் கேட்ட பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின், அதிகாரபூர்வக் கடிதத்துக்குக் காத்திராமல் மறுநாளே வேலையில் இறங்கிவிட்டார். 16 நாடுகள் பாரிஸில் கூடின. நாலாண்டுகளில் சுமார் 1,300 கோடி டாலர் ஐரோப்பாவுக்குப் போனது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நீங்கள் போகிற கூட்டமும் வரலாறாகிவிடும் என்று நான் ஆசை காட்டக் கூடாது. பெரும்பாலான சொற்பொழிவுகள் சுமாராகத்தான் இருக்கும். சில, உண்மையைச் சொன்னால், தூக்கத்தை வரவழைக்கும். ஆகவே பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும்.

என் கணக்கில் முதல் இடம் நூலாசிரியர் பேச்சுக்குத்தான். ஐந்தாறு ஆண்டுகள் ஒரே பொருளில் உழன்ற மனிதர் அதை ஒரு மணி நேரத்தில் சாறாகப் பிழிந்து தருகிறார், நூலில் சேர்க்காமல் விட்டதையும் சேர்த்து. தூதர்களின் உரை பெரும்பாலும் வழவழா கொழகொழாதான். அரசின் நிலைப்பாட்டைத் தாண்டி அவரால் ஒரு அடி வைக்க முடியாது, அது அவர் குற்றமும் அல்ல. இருந்தாலும் போகலாம். எந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வருகிறது, எந்தக் கேள்விக்குத் தண்ணீர்க் குவளையை எடுக்கிறார் என்று கவனித்தாலே நிறையத் தெரிந்துவிடும். ஓய்வு பெற்ற தூதர் என்றால் தவறவே விடாதீர்கள்.

குழு விவாதம் என்று போட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஒரு மணி நேரம், நாலு பேச்சாளர்கள், ஆளுக்குக் கால் மணி நேரம் என்றாலே தீர்ந்தது. நெறியாளர் அறிமுகத்துக்கே பத்து நிமிடம் எடுத்துக்கொள்வார். அப்புறம் விவாதம் எங்கே? இரண்டு பேர் இருந்தால் போங்கள். அந்த இருவரும் ஒத்துப்போகாதவர்கள் என்று தெரிந்தால் ஓடிப் போங்கள்.

கலை நிகழ்ச்சிகள் பற்றியும் சொல்ல வேண்டும். பல இடங்களில் அவை ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் சேர்க்கப்படுகின்றன. சொற்பொழிவுக்குக் கூட்டம் வராது, ஒரு நடனத்தைப் போட்டால் வரும் என்ற நினைப்பு. மேடையில் ஆடுகிறார்கள், நாம் கைதட்டுகிறோம், அந்த ஆட்டத்தை யார் எப்போது எதற்காக ஆடினார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆட்டத்துக்கு முன்போ பின்போ பத்து நிமிடம் ஒருவர் விளக்கினால் அதே நிகழ்ச்சி வேறு தரமாகிவிடும். ஆகவே அறிவிப்பில் "அறிமுக உரையுடன்" அல்லது "கலைஞருடன் உரையாடல்" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

திரைப்படம் பார்த்துப் பேசும் மாலைகள் இதற்கு நேர்மாறு. ஒரு நாட்டைப் பற்றிப் பத்துக் கட்டுரை சொல்லாததை ஒரு காட்சி சொல்லிவிடும். அரசு அலுவலகத்தில் ஒருவர் விண்ணப்பத்தை நீட்டுகிறார். எழுத்தர் தலையைத் தூக்கவில்லை. விண்ணப்பித்தவர் எத்தனை நொடி நிற்கிறார், குரலை உயர்த்துகிறாரா தாழ்த்துகிறாரா, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்களா என்பதில் அந்த நாட்டின் ஆட்சிமுறை கொஞ்சம் தெரிந்துவிடும். படம் முடிந்து விளக்குப் போட்டதும் அந்த நாட்டிலிருந்து வந்த மாணவர் யாராவது எழுந்து, "இப்போதெல்லாம் இப்படி இல்லை" என்பார். இன்னொரு மாணவர், அதே நாட்டுக்காரர், "எங்கள் ஊரில் இன்னும் இப்படித்தான்" என்பார். அங்கே தொடங்கும் வாக்குவாதத்துக்காகவே நான் போவேன்.

நம்மைப் பொறுத்தவரை இதில் இன்னொரு சுவையும் உண்டு. நம் மொழியும் கலையும் உலகின் வேறு மூலைகளில் இதே போன்ற துறைகளின் பட்டியலில்தான் வருகின்றன, அயல்நாட்டுப் பண்பாடு என்ற தலைப்பின்கீழ். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டின் பின்னால் இருந்தவர் தனிநாயகம் அடிகள். அப்போது அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வுத் துறையில் பேராசிரியர். இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் தமிழ்த் துறையில் தொடங்காமல், ஒரு நாட்டைப் பற்றி இன்னொரு நாட்டில் ஆராயும் துறையில் இருந்து தொடங்கிய முயற்சி அது. அதனால்தானோ என்னவோ, பல நாட்டு அறிஞர்கள் தமிழைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மேடையாக அது அமைந்தது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எந்தச் சொற்பொழிவிலும் நல்ல பகுதி கேள்வி நேரம்தான். பாரிஸில் காலேஜ் தெ பிரான்ஸ் என்ற கல்வி நிறுவனம் 1530-இல் தொடங்கியது. பட்டம் கிடையாது, பதிவு கிடையாது, யாரும் போய் உட்காரலாம். 1970களில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ அங்கே பேசினால் அரங்கு பிதுங்கி வழியும். அவருக்கோ அதில் மகிழ்ச்சி இல்லை. இவ்வளவு கூட்டத்தில் யாரும் எதுவும் கேட்க முடியவில்லையே, ஒருவழிப் பேச்சாகிவிட்டதே என்று வருந்தி, 1976-இல் வகுப்பைக் காலை 9.30 மணிக்கு மாற்றினார். இவ்வளவு சீக்கிரம் எழுந்து எவன் வருவான் என்ற நம்பிக்கைதான்!

நம் கூட்டங்களில் கேள்வி நேரம் எப்படிப் போகிறது? ஒலிவாங்கியைக் கையில் வாங்கியதும் ஒருவர், "கேள்வி அல்ல, ஒரு கருத்து" என்று தொடங்குவார். ஐந்து நிமிடம் போய்விடும். அடுத்து நெறியாளர், "நேரம் குறைவு, மூன்று கேள்விகளைச் சேர்த்து எடுத்துக்கொள்வோம்" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் பேச்சாளர் சுலபமான இரண்டுக்கு விரிவாகப் பதில் சொல்லிவிட்டு, சங்கடமான மூன்றாவதை நைசாகக் கழற்றிவிடுவார். எந்தக் கேள்வி காணாமல் போனது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கலையும்போது மேடையருகே போய் அதையே மறுபடி கேட்கலாம்.

"எனக்கு அந்த நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதே, நான் என்ன கேட்பது" என்று தயங்குபவர்களுக்கு ஒரு கேள்வி தருகிறேன். எந்தக் கூட்டத்துக்கும் பொருந்தும். "ஐயா, இதை நீங்கள் எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" அல்லது, "அம்மா, அங்கே யார் யாரிடம் பேசினீர்கள், எந்த மொழியில் பேசினீர்கள்?" நிபுணர்கள் ஒருவரையொருவர் இப்படிக் கேட்டுக்கொள்ள மாட்டார்கள், மரியாதைக் குறைவாகிவிடும் என்று. வெளியிலிருந்து வந்தவர் கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். களத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர் இந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் மலர்ந்து, அதுவரை சொல்லாத கதைகளையெல்லாம் எடுத்துவிடுவார். தலைநகரத்தில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தவர் பேச்சை மாற்றுவார்.

சில கூட்டங்களில் "சாத்தம் ஹவுஸ் விதி பொருந்தும்" என்று அறிவிப்பார்கள். லண்டனில் சாத்தம் ஹவுஸ் என்ற பன்னாட்டு விவகார ஆய்வு நிறுவனத்தில் 1927-இல் ஏற்பட்ட வழக்கம் இது. அங்கே கேட்ட விஷயத்தை வெளியே சொல்லலாம், யார் சொன்னார், அவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர், வேறு யார் யார் வந்திருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லக் கூடாது. பேச்சாளர் கொஞ்சம் மனம் திறக்கப் போகிறார் என்பதற்கு அது அடையாளம். கைப்பேசியில் பதிவு செய்யாதீர்கள்.

தொலைவில் இருப்பவர்கள் இணையவழியாகவும் கேட்கலாம், பல துறைகள் இப்போது நேரலை செய்கின்றன. நேரத்தை மட்டும் சரிபாருங்கள். பட்டியலில் இருப்பது அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் நேரம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மார்ச் மாதத்திலும் இலையுதிர் காலத்திலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள், அதுவும் இரண்டு இடத்திலும் ஒரே நாளில் அல்ல. போன வாரம் சரியாக வந்தவர்கள் இந்த வாரம் கூட்டம் முடிந்தபின் வந்து நிற்பது இதனால்தான்.

நேரில் போகிறவர்கள் முன்பதிவு செய்துவிட்டோமே என்று மெத்தனமாக இருக்க வேண்டாம். இலவசக் கூட்டங்களுக்குப் பதிவு செய்தவர்களில் பலர் வரமாட்டார்கள் என்று தெரிந்தே இருக்கைகளைவிட அதிகம் பேரைப் பதிவு செய்துகொள்வார்கள். இருபது நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். பதிவு செய்யாதவர்களும் வாசலில் நின்று பார்க்கலாம், பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.