‘நம்’ தீவின் மக்கள்

அவையோர்க்கு வணக்கம்.

மேற்குப் பசிபிக்கில் சூக் காயலில் தொடங்கி, பலாவ் நாட்டின் தென்மேற்குக் கோடியிலுள்ள தோபி வரை ஏறத்தாழ 2,300 கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கும் சிறு தீவுகளில் பேசப்படும் சூக்கிய மொழிகளைப் பற்றிப் பேச வந்துள்ளேன். ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தின் ஓசியானியக் கிளையைச் சேர்ந்த இவை பட்டியல்களில் தனித்தனி மொழிகளாகத் தோன்றினாலும், அடுத்தடுத்த தீவினர் ஒருவர் பேச்சை ஒருவர் பெரிதும் புரிந்துகொள்கின்றனர். இரு கோடியினருக்கோ அது இயலாது. இடையில் எங்கே ஒரு மொழி முடிகிறது என்று கோடு கிழிக்க முயல்வது வீண் வேலை என்றே நான் கருதுகிறேன்.

வானத்தைச் சூக்கில் ‘நாங்’ என்பர். வட மரியானாத் தீவுகளில் ஒன்றான சைப்பானில் வாழும், சூக்கிய மொழி பேசும் கரோலினியர் ‘லாங்’ என்பர். நிலத்துக்கும் தீவுக்கும் உரிய சொல் அங்கே ‘ஃபெனு’, இங்கே ‘ஃபலுவ்’. ஓசியானிய மொழிகளுக்கெல்லாம் தாயான மூல ஓசியானிய மொழியில் வேறுவேறாக இருந்த லகரமும் னகரமும் இவ்விரு பேச்சிலும் ஒன்றாகிவிட, ஒன்றான அந்த ஒலியை ஒருவர் னகரமாகவும் மற்றவர் லகரமாகவும் ஒலிக்கின்றனர். ஃபிஜியின் ‘வனுவா’வும், வனுவாட்டு என்னும் நாட்டுப் பெயரின் முற்பகுதியும் இதே சொல்லே.

வீட்டைக் குறிக்கும் சொல்லும் கேட்டு மகிழத் தக்கது. சூக்கிய மொழி பேசும் வொலியாய் தீவினர் ‘இம்வெ’ என்று சொல்லும்போது ஈற்று எகரம் குரலற்று, மூச்சளவில் மட்டும் ஒலிக்கும். சூக்கில் அவ்வுயிர் மறைந்து ‘ஈம்வ்’ என நிற்கும். ‘என் வீடு’ என்னும்போதோ ‘இம்வெய்’ என மீண்டும் தலைகாட்டும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புயலால் தீவுகள் பாழான வேளையில், அகுருப் என்னும் தலைவர் தம் மக்களைப் பாய்மரப் படகுகளில் சைப்பானுக்கு அழைத்துச் சென்றார். பல தீவுகளிலிருந்தும் அங்கே வந்து சேர்ந்தவர்களின் வழியினர் தம்மை ‘ரெஃபலுவஷ்’, அதாவது ‘நம் தீவின் மக்கள்’ என்று அழைத்துக்கொள்கின்றனர். ஈற்றிலுள்ள ‘ஷ்’ கேட்பவரையும் உளப்படுத்தும் ‘நம்’, ‘எங்கள்’ அன்று. நாம்–நாங்கள் வேறுபாட்டில் வளர்ந்த நமக்கு அதன் பொருள் உடனே விளங்கும். இன்று அவர்களின் கரோலினிய மொழி, அங்குள்ள பழங்குடி மொழியான சமோரோவோடும் ஆங்கிலத்தோடும் சேர்ந்து வட மரியானாத் தீவுகளின் ஆட்சிமொழியாக உள்ளது.

தோபியின் நிலையே என்னை வருத்துகிறது. அத்தீவினரில் பெரும்பாலோர் பலாவின் பெரிய நகரான கொரோரில் குடியேறிவிட்டனர். அங்கே அவர்களைச் சுற்றி ஒலிப்பது ஓசியானியக் கிளையைச் சேராத பலாவ் மொழி. பக்கத்துத் தீவின் பேச்சைத் தன் பேச்சோடு ஒப்பிட்டுக் கேட்கும் வாய்ப்பு அங்கே பிறக்கும் குழந்தைக்கு அரிதாகிவிட்டது.