சந்தேகங்களுக்கு விளக்கம்: படலத்தின் தடிமனால் வகுத்தால் விடை ஏன் குறைகிறது?

அடுத்த கேள்விக்கு வருகிறேன். "செங்குத்தான கண்ணாடிச் சுவரில் வழியும் நீர்ப்படலம் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் கணக்கில், விரவல் குணகத்தை (வாயு நீருக்குள் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதன் அளவு) படலத்தின் தடிமனால் வகுத்தேன். சரியான விடையில் ஏழில் ஒரு பங்குதான் வருகிறது. எங்கே பிழை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இந்த இடத்தில் தடுக்கி விழாதவர்கள் குறைவு.

தடிமனால் வகுக்கும்போதே, ஒரு பக்கம் நுழைந்த வாயு மறுபக்கம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிடுகிறீர்கள். இங்கே மறுபக்கம் இருப்பது கண்ணாடி. அதன் வழியே வாயு போகாது. சரி, சுவர் வரையாவது அது போய்ச் சேருகிறதா? கணக்கிட்டே பார்த்துவிடுவோம்.

25 டிகிரி செல்சியஸ் தண்ணீர், படலம் 0.2 மில்லிமீட்டர், சுவர் 10 சென்டிமீட்டர் உயரம். அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், தடிமனின் வர்க்கம் மூன்றையும் பெருக்கி, பாகுநிலையின் இரு மடங்கால் வகுத்தால் மேற்பரப்பின் வேகம் கிடைக்கும்: விநாடிக்கு 0.22 மீட்டர். சராசரி வேகம் இதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதை எடுத்துவிடாதீர்கள், வாயு தொடுவது மேற்பரப்பைத்தானே! அப்படியானால் மேற்பரப்பு நீர் கீழே வந்து சேர 0.45 விநாடி. விரவல் குணகம் விநாடிக்கு 2×10⁻⁹ சதுர மீட்டர். அதை நேரத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், வாயு நீருக்குள் ஊடுருவும் ஆழம் கிடைக்கும்: 0.03 மில்லிமீட்டர். தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை! அதற்குள் நீர் கீழே போய்விடுகிறது. சுவர் என்று ஒன்று இருப்பதே அந்த வாயுவுக்குத் தெரியாது. தடிமன் இந்தக் கணக்குக்குள் வருவது வேகத்தின் வழியாக மட்டும்தான்.

ஆகவே வாயு உறிஞ்சலை ஆராய்ந்த ஹிக்பி 1935இல் தந்த வழியில் போங்கள். விரவல் குணகத்தை, π (3.14), நேரம் இரண்டின் பெருக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். நிறைப் பரிமாற்றக் குணகம், அதாவது வாயு நீருக்குள் ஏறும் வேகத்தின் அளவு, விநாடிக்கு 7.5×10⁻⁵ மீட்டர் என்று வரும். உங்கள் வழியில் 1×10⁻⁵. அந்த ஏழரை மடங்கு இதுதான். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் கரைதிறன் கன மீட்டருக்கு 34 மோல். இந்தக் கரைதிறனால் அந்தக் குணகத்தைப் பெருக்கினால் சதுர மீட்டருக்கு, விநாடிக்கு, 2.5×10⁻³ மோல் உறிஞ்சப்படுகிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இதே சுவர் ஒரு மீட்டர் உயரம் இருந்தால் நேரம் 4.5 விநாடி, ஊடுருவும் ஆழம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். படலத்தில் பாதி! அப்போது சுவரையும், உள்ளே போகப் போகக் குறையும் வேகத்தையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். எந்தக் கணக்கானாலும் இந்த ஆழத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு சூத்திரத்தைத் தொடுங்கள்.