வேலையை விட்டுப் போனவரின் டோக்கன்: எஸ்எஸ்ஓ போட்ட பிறகும் திறந்திருக்கும் கதவு

வணக்கம். இன்றைக்குப் பேசப்போவது நான் எழுதிய கோடில் இருந்த ஓர் ஓட்டையைப் பற்றி. மூன்று மாதம் அது திறந்தே கிடந்தது. கண்டுபிடித்தது நான் இல்லை, எங்கள் வாடிக்கையாளர்.

போன வருடம் எங்கள் சாஃப்ட்வேரில் எஸ்எஸ்ஓ (சிங்கிள் சைன்-ஆன், ஒற்றை உள்நுழைவு) சேர்த்தோம். ஆபீஸ் கணக்கில் காலையில் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் போதும், ஒவ்வொரு ஆப்புக்கும் தனிப் பாஸ்வேர்டு வேண்டாம். வாடிக்கையாளர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, எங்களுக்கும் நிம்மதி. அப்புறம் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு நிறுவனத்தின் ஐடி பொறுப்பாளர் போன் செய்தார். "தம்பி, எங்கள் ஆள் ஒருவர் வேலையை விட்டு மூன்று மாதம் ஆகிறது. அவர் கணக்கை அன்றைக்கே மூடிவிட்டேன். நேற்று ராத்திரி 2 மணிக்கு உங்கள் லாக்கில், அதாவது நடவடிக்கைப் பதிவில், அவர் பெயரில் டேட்டா இறங்கியிருக்கிறது. எப்படி?"

தேடிப் பார்த்தோம். அந்த மனிதர் எந்தத் தப்பும் செய்யவில்லை. வேலையில் இருந்தபோது தன் பெயரில் ஓர் ஏபிஐ டோக்கன் (மனிதர் உள்நுழையாமலே ஒரு புரோகிராம் எங்கள் சாஃப்ட்வேரோடு பேசத் தரும் சாவி) எடுத்து, தினமும் ராத்திரி ரிப்போர்ட் இறக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஆபீஸ் சர்வரில் வைத்திருந்தார். அவர் போய்விட்டார், ஸ்கிரிப்ட் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதே டோக்கன் அவருடைய சொந்த லேப்டாப்பில் இருந்திருந்தால்? அதை நினைத்து அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

என்ன நடந்தது என்று பாருங்கள். வாசலில் நின்று "நீ யார்" என்று கேட்பது மட்டும்தான் எஸ்எஸ்ஓவின் வேலை. உள்ளே வந்தவர் எப்போது ஊரை விட்டே போனார் என்று அது வந்து சொல்லாது. ஏபிஐ டோக்கனோ வாசல் பக்கமே வருவதில்லை, கொல்லைப்புறமாக வந்து போகிறது. நாங்கள் வாசலுக்கு நல்ல பூட்டாக வாங்கி மாட்டிவிட்டு, கொல்லைப்புறக் கதவைச் சாத்த மறந்துவிட்டோம்.

இதற்கெல்லாம் பொதுத் தரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. உள்நுழைவுக்குப் பழையது சாமல் 2.0, 2005இல் வந்தது, எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் பேசும். பெரிய நிறுவனங்களில் இன்றும் அதுதான் நிறைய. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஓப்பன்ஐடி கனெக்ட், சுருக்கமாக ஓஐடிசி. 2012இல் வந்த ஓஆத் 2.0 என்ற அனுமதித் தரத்தின் மேல் கட்டி 2014இல் வெளியிட்டார்கள். எதைச் செய்ய அனுமதி உண்டு என்பது ஓஆத்தின் கேள்வி, வந்திருக்கும் ஆள் யார் என்பது ஓஐடிசியின் கேள்வி. ஓஐடிசி தரும் ஐடி டோக்கனை (ஆள் யார் என்று சொல்லும் சீட்டு) ஏபிஐக்கு அனுப்பாதீர்கள், அது உங்கள் ஆப் படித்துக்கொள்வதற்கு. ஏபிஐக்குப் போக வேண்டியது ஆக்சஸ் டோக்கன், அதாவது அனுமதிச் சீட்டு. இந்த இடத்தில் குழம்புகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

எங்களிடம் இல்லாமல் போனது ஸ்கிம். 2015 செப்டம்பரில் ஐஇடிஎஃப் என்ற இணையத் தர அமைப்பு வெளியிட்ட தரம். ஆர்எஃப்சி 7643 என்ற ஆவணத்தில் பயனர், குழு என்பவை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது இருக்கிறது, 7644இல் அவற்றை எப்படி அனுப்புவது, மாற்றுவது என்பது. ஆள் சேர்ந்தார், துறை மாறினார், போய்விட்டார் என்ற செய்தி ஒவ்வொன்றும் ஒரே மாதிரியான ஏபிஐ அழைப்பாக வரும்.

இதில் டெவலப்பர்கள் தடுமாறுவது திசையில். வழக்கமாக நாம்தான் அடுத்தவர் ஏபிஐயைக் கூப்பிடுவோம். ஸ்கிம்மில் வாடிக்கையாளரின் டைரக்டரி, அதாவது அவர்கள் ஊழியர் கணக்குகளை வைத்திருக்கும் இடம், நம்மைக் கூப்பிடும். சர்வர் பக்கம் நாம். டைரக்டரி சேவை ஒக்டா ஆகட்டும், மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஆகட்டும், நாம் யூசர்ஸ் என்று ஒரு முகவரியைத் திறந்து வைத்தால் அவர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். ஒரு தடவை தரத்தின்படி ஒழுங்காகக் கட்டிவிட்டால், அடுத்த வாடிக்கையாளருக்கு அநேகமாகப் புதுக் கோடு எழுத வேண்டியதில்லை. பொதுத் தரத்தின் அருமை எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

சரி, இப்போது திரையில் பாருங்கள். டைரக்டரியிலிருந்து முதலில் வருவது ஒரு கேள்வி: இந்த யூசர்நேமில் யாராவது உங்களிடம் இருக்கிறார்களா? யாரும் இல்லையென்றால் கை தானாக 404 (கிடைக்கவில்லை) என்று எழுதப் போகும். அது தப்பு. 200 (சரி) கொடுத்து, மொத்தம் 0 என்று காலிப் பட்டியல் அனுப்ப வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அவர்கள் புதிய ஆளைச் சேர்க்க போஸ்ட் அனுப்புவார்கள். இன்னொன்று, பட்டியலைப் பக்கம் பக்கமாகக் கேட்கும்போது எண்ணிக்கை 1இல் தொடங்கும், நாம் பழகிய 0இல் இல்லை. இதைக் கவனிக்காவிட்டால் பட்டியலின் முதல் ஆளே காணாமல் போவார்.

இந்த வரியைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுகிறேன். ஆள் போய்விட்டார் என்றால் வருவது பேட்ச் என்ற அழைப்பு. அதில் ஆக்டிவ் என்ற ஃபீல்டை ஃபால்ஸ் ஆக்கச் சொல்லியிருக்கும். தரத்தின்படி அது பூலியன், அதாவது ட்ரூ (ஆம்) அல்லது ஃபால்ஸ் (இல்லை) என்ற இரண்டே மதிப்பு. ஆனால் நடைமுறையில் சில இடங்களிலிருந்து அது மேற்கோள் குறிக்குள், வெறும் எழுத்தாக வந்து நிற்கும். பைத்தானில் அந்த எழுத்தை அப்படியே பூலியனாக மாற்றிப் பாருங்கள்: ட்ரூ என்று வரும். காலியாக இல்லாத எந்தச் சொல்லும் அதற்கு ட்ரூதான். அதாவது "இவரை நீக்கு" என்று வந்த செய்தியை நம் கோடு "இவர் இருக்கட்டும்" என்று படித்துவிடுகிறது. எர்ரர் கிடையாது, பதில் 200, எல்லாம் பச்சை. தயவுசெய்து இதற்கு ஒரு டெஸ்ட் எழுதி வையுங்கள்.

அந்தச் செய்தியைச் சரியாகப் படித்துவிட்டால் மட்டும் போதாது. நாங்கள் இப்போது அதே நொடியில் செய்வது: திறந்திருக்கும் செஷன்களை மூடுகிறோம், ரெஃப்ரெஷ் டோக்கன்களை (புது ஆக்சஸ் டோக்கன் வாங்க உதவுபவை) ரத்து செய்கிறோம், அவர் பெயரில் எடுத்த ஏபிஐ டோக்கன்களை முடக்குகிறோம். ஏற்கெனவே கையில் கொடுத்த ஆக்சஸ் டோக்கன் ஜேடபிள்யூடியாக (டிஜிட்டல் கையெழுத்திட்ட டோக்கனாக) இருந்தால் அதைத் திரும்ப வாங்க முடியாது. கையெழுத்தைப் பார்த்தே ஏபிஐ அனுமதித்துவிடும், யாரையும் கேட்காது. அதனால் அதன் ஆயுளை 5 நிமிடமாகக் குறைத்தோம்.

இப்போது நம்மவர்களுக்கே உரிய ஒரு விஷயம். இதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்த வீடியோ. நம்மில் மிகப் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இனிஷியலும் பெயரும்தான். ஸ்கிம்மில் பயனரைச் சேர்க்க அனுப்புகிறவர் கட்டாயம் தர வேண்டியது யூசர்நேம் மட்டுமே. குடும்பப் பெயர் கட்டாயம் இல்லை. ஆனால் ஸ்கிம் வழியாக வரும் செய்தியில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று நான் ஒரு விதி வைத்திருந்தேன். விளைவைப் பாருங்கள். ஒரு பெண் வேலைக்குச் சேர்கிறார், எஸ்எஸ்ஓ வழியாக உள்ளே வருகிறார். முதல் தடவை வருகிறவருக்கு உள்நுழையும்போதே கணக்கு உருவாகிவிடும்படி செய்திருந்தோம், உருவாகிவிட்டது. டைரக்டரியும் தன் பங்குக்கு அவரைச் சேர்க்க வருகிறது. குடும்பப் பெயர் காலி. நம் சர்வர் 400 (தவறான கோரிக்கை) கொடுத்துத் திருப்பி அனுப்புகிறது. அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது, வேலை நடக்கிறது. ஆனால் டைரக்டரியின் கணக்கில் அவர் நம்மிடம் சேரவே இல்லை. பிற்பாடு அவர் வேலையை விடும்போது, நீக்கச் சொல்லும் செய்தி நமக்கு வரவே வராது. பெயர் வைக்கும் நம் வழக்கம் தெரியாத ஒரு விதி, ஒரு பாதுகாப்பு ஓட்டையாகிவிட்டது. அதை எழுதியவனும் இனிஷியல் வைத்த தமிழன் என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. காட்டுவதற்கு டிஸ்பிளேநேம் என்று தனி ஃபீல்டே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கடைசிப் பெயர் கட்டத்தில் புள்ளி வைக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

அதே மாதிரி ஆளை அடையாளம் காண மின்னஞ்சலை நம்பாதீர்கள். கல்யாணமானால், நிறுவனம் பெயர் மாற்றினால் அது மாறும். போனவரின் முகவரியைப் புதிதாக வந்தவருக்குக் கொடுப்பதும் உண்டு. ஓஐடிசியில் வழங்கியவர் யார் என்ற இஸ், ஆள் எண்ணான சப், இரண்டையும் சேர்த்துத்தான் சாவியாக வைக்க வேண்டும். ஸ்கிம் பக்கம் டைரக்டரி தரும் ஆள் அடையாளமான எக்ஸ்டர்னல்ஐடியோடு அதை எப்படிப் பொருத்துவது என்பதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். என்ட்ராவில் சப் ஒவ்வொரு ஆப்புக்கும் வேறு வேறாக இருக்கும், ஓஐடி என்ற மதிப்புதான் எல்லா ஆப்புக்கும் ஒன்றாக வரும்.

இதையெல்லாம் சேர்த்து ஒரே ஏபிஐயாகத் தருகிற சேவைகளும் இருக்கின்றன. சின்னக் குழு என்றால் தாராளமாக வாங்குங்கள். நான் மனதாரக் கேட்டுக்கொள்வது வேறொன்று. எஸ்எஸ்ஓவையும் ஸ்கிம்மையும் மிக விலை உயர்ந்த பிளானில் மட்டும் வைக்காதீர்கள். 20 பேர் வேலை செய்யும் கம்பெனியிலும் ஆட்கள் விலகிப் போகிறார்கள். எங்களிடம் இப்போது எல்லா பிளானிலும் இரண்டும் உண்டு. அதற்காக உள்ளே நிறையவே வாதாடினேன்.

கடைசியாக, சோதனை. டெஸ்ட் கணக்கு ஒன்றில் உள்ளே வந்து, ஏபிஐ டோக்கன் எடுத்து, 10 நொடிக்கு ஒருமுறை ஏபிஐயைக் கூப்பிடும்படி ஓடவிட்டு, டைரக்டரியில் அந்தக் கணக்கை மூடுங்கள். 401 (உள்ளே வர அனுமதி இல்லை) எப்போது வருகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். என்ட்ரா மாற்றங்களைச் சுமார் 40 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுப்பும், அதனால் அவசரத்துக்கு அட்மின் திரையில் "உடனே துண்டி" என்று தனியாக ஒரு பட்டன் வைத்தோம். ஐடி பொறுப்பாளரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அடுத்த அழைப்பிலேயே 401 வந்தது.

அந்த ராத்திரி ஸ்கிரிப்ட்டை நிறுத்தவில்லை, அவர்களுக்கு அது தேவைப்பட்டது. மனிதர் இல்லாமல் புரோகிராமே தன் சாவியால் உள்ளே வரும் ஓஆத்தின் கிளையன்ட் கிரெடென்ஷியல்ஸ் முறையில் அதற்கென்று தனிக் கணக்கு போட்டு, ரிப்போர்ட் படிக்க மட்டும் அனுமதி கொடுத்தோம். இப்போதும் 2 மணிக்கு லாக்கில் ஒரு வரி விழுகிறது. அதில் இருப்பது எந்த மனிதரின் பெயரும் இல்லை, அந்த வேலையின் பெயர்.