வால்மார்ட் ஜெர்மனியில் தோற்றது சிரிப்பாலா?

சரி, அடுத்த கேள்வி. எம்.பி.ஏ. மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், வால்மார்ட் ஜெர்மனியில் தோற்றதற்குக் கலாசார வேறுபாடுதான் காரணம் என்று வகுப்பில் சொல்கிறார்கள். ஊழியர்கள் சிரித்து வரவேற்றது அங்கே யாருக்கும் பிடிக்கவில்லையாம். இதற்காகவா ஒரு பெரிய கம்பெனி மூட்டை கட்டும்? நாட்டுக்கு நாடு கலாசாரம் எப்படி வேறுபடுகிறது என்று எண்ணில் காட்டிய டச்சு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெடின் மதிப்பெண்களைப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பார்களா?"

சிரிப்புக்காக யாரும் மூட்டை கட்ட மாட்டார்கள் அம்மா. சொல்லச் சுவையாக இருப்பதால் அந்தக் கதை மட்டும் ஊர் ஊராகச் சுற்றுகிறது. பொய்யில்லை. வாசலில் வணக்கம் சொல்ல ஆள் வைத்தார்கள், சாமானைப் பையில் போட்டுத் தர ஆள் வைத்தார்கள். ஜெர்மன் சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர் ஸ்கேன் செய்து தள்ளுகிற வேகத்துக்கு நாமே அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு நகர வேண்டும். பைக்குத் தனிக் காசு. அப்படிப் பழகியவர்களின் ரொட்டியையும் முட்டையையும் முன்பின் தெரியாத ஒருவர் எடுத்து அடுக்கினால் முகம் சுளிக்கத்தானே செய்வார்கள்? ஆனால் இதெல்லாம் ஒரு சுற்றறிக்கையில் நிறுத்திவிடக்கூடிய விஷயம்.

நிறுத்த முடியாதது வேறு. 2005-ல் அமெரிக்கத் தலைமையகத்தின் நடத்தை விதிகளை அப்படியே ஜெர்மனிக்கும் கொண்டுவந்தார்கள். ஊழியர்களுக்குள் காதல் கூடாது, சக ஊழியர் விதியை மீறினால் போன் போட்டுச் சொல்ல வேண்டும், இப்படி. ஜெர்மனியில் ஐந்து பேர் நிரந்தரமாக வேலை செய்யும் இடத்திலேயே ஊழியர்கள் தங்களுக்கென ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கலாம். பணியிட நடத்தை விதிகளை அந்தக் குழுவின் சம்மதமில்லாமல் நிர்வாகம் போட முடியாது, சட்டமே அப்படி. குழு கோர்ட்டுக்குப் போனது. வுப்பர்டால் தொழிலாளர் நீதிமன்றம் பல விதிகளைச் செல்லாது என்றது. டுசெல்டார்ஃப் மேல்முறையீட்டு நீதிமன்றம், காதலுக்குத் தடை போடுவது அரசியலமைப்புக்கே விரோதம் என்றது.

இப்போது ஹாஃப்ஸ்டெட் அட்டவணையை எடுங்கள். அதிகார இடைவெளியில், அதாவது மேலே இருப்பவருக்கு அதிக அதிகாரம் இருப்பதைக் கீழே இருப்பவர் எவ்வளவு ஏற்றுக்கொள்கிறார் என்ற கணக்கில், அமெரிக்கா 40, ஜெர்மனி 35. கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று எழுதிவிட்டுப் போயிருப்பீர்கள். ஆனால் முதலாளியும் தொழிலாளியும் யாரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதில்தான் இரண்டு நாடுகளும் எதிரெதிர் துருவம். அந்த எண்ணில் அது தெரியாது. ஹாஃப்ஸ்டெட் பயன்படுத்தியது 1970 வாக்கில் ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு. வெவ்வேறு நாட்டு ஐ.பி.எம். ஊழியர்களை ஒப்பிட அது நல்ல கருவி. ஒரு நாட்டில் கடை திறக்க அது மட்டும் போதாது.

அப்புறம் விலை. என்னைக் கேட்டால் இதுதான் முதல் காரணம். வால்மார்ட்டின் பலமே மலிவு. ஜெர்மனியிலோ ஆல்டி, லிடில் என்ற உள்ளூர் மலிவு விலைக் கடைகள் ஏற்கெனவே அதைவிட மலிவாக விற்றுக்கொண்டிருந்தன. வால்மார்ட்காரர்கள் அடக்க விலைக்கும் கீழே இறக்கிப் பார்த்தார்கள். 2000-ல் ஜெர்மனியின் போட்டி ஆணையம், வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் அரசு அமைப்பு, வால்மார்ட், ஆல்டி, லிடில் மூன்றையும் கூப்பிட்டு, அடக்க விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று பால், சர்க்கரை, மாவு போன்றவற்றின் விலையை ஏற்றச் சொன்னது. போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க முடியாது.

1997, 98-ல் இரண்டு உள்ளூர்ச் சங்கிலிக் கடைகளை, மொத்தம் 95 கடைகளை, வாங்கி நுழைந்தவர்கள் முதலில் தலைமைக்கு அனுப்பியது ஜெர்மன் தெரியாத அமெரிக்கரை. நிர்வாகக் கூட்டங்கள் ஆங்கிலத்தில். இதையெல்லாம் முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வேண்டிய உள்ளூர் மேலாளர்கள் என்ன செய்வார்கள்? கொஞ்சம் கொஞ்சமாக வேறு வேலை பார்த்துக்கொண்டு போனார்கள். கலாசாரம் நிஜமாகவே அடித்த இடம் என்று நான் சொல்வது இதைத்தான். 2006-ல் மிச்சமிருந்த 85 கடைகளை மெட்ரோ நிறுவனத்திடம் விற்றுவிட்டு, சுமார் 100 கோடி டாலர் நஷ்டத்தோடு கிளம்பினார்கள்.

ப்ராஜெக்ட் எழுதுவதாக இருந்தால் மெக்சிகோவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே வால்மார்ட் 1991-ல் சிஃப்ரா என்ற உள்ளூர் கம்பெனியோடு கூட்டு வைத்து நுழைந்தது. பெரும்பான்மைப் பங்கை வாங்கியது 1997-ல்தான். அந்த ஆறு வருஷத்தில் யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று தேடிப் படியுங்கள். சரி, அடுத்த கேள்வி.